ஓடப் போகிறவர்களின் உடுப்பு

1

இந்த நாட்டுக்கு வந்து ஐந்து வருடம் முடிந்த அதே கிழமையில் டொக்டர் என்னை ஓடச் சொன்னாள்.

ஊரில் இருக்கிற நீங்கள், ஜேர்மனி டொக்டர் என்றால் பை நிறைய மருந்து தந்து அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். நானும் அந்த எண்ணத்தோடுதான் போனேன். பிரஷர் கூடியிருக்கிறது என்றாள். சரி, இனிச் சீட்டு எழுதுவாள் என்று நான் கையை நீட்ட, அந்த மனுசி பேனையை மூடி வைத்துவிட்டு, கதிரையில் சாய்ந்துகொண்டு நெடுநேரம் என்னவோ கதைத்தாள். பக்கத்தில் இருந்த என் மகள் வாணிதான் மொழிபெயர்ப்பு. பதினொரு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்த அலுப்பு அவளுக்கு. டொக்டர் அவ்வளவு நேரம் சொன்னதை அவள் ஒரு மூச்சில் முடித்தாள்.

“அம்மா, நீங்கள் எக்ஸசைஸ் செய்யவேணுமாம். நடக்கவேணும், ஓடவேணும்.”

“எங்கை ஓடுறது?”

“எங்கையும் இல்லை. சும்மா.”

சும்மா ஓடுவதாம். ஹெலி வந்தால் பங்கருக்குள் ஓடியிருக்கிறேன். செல் விழுந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன். ஆமி வந்தால் மட்டும் ஓடக்கூடாது, நின்ற இடத்தில் நிற்கவேண்டும், ஓடுகிறவனைத்தான் சுடுவான் என்பது எங்கள் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு காரணமும் இல்லாமல் தேகப்பயிற்சிக்கென்று ஓடிய ஒரேயொரு ஆளைத்தான் என் வாழ்க்கையில் எனக்குத் தெரியும். அவர் என்னுடைய மனுசன். அவரைப்பற்றி எழுதத்தான் டொக்டர், பிரஷர் என்று இழுத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த நாளே நடக்கத் தொடங்கினேன். சொன்னால் செய்துகாட்டாமல் விடுகிற ஆள் இல்லை நான். பழைய நூல்சேலை, அதற்குமேல் கம்பளிச் சட்டை, அதற்கும்மேல் முழங்காலைத் தாண்டுகிற கோட்டு, காதை மூடித் துணி, காலில் தடித்த சப்பாத்து. இந்தக் கோலத்தில் வீட்டைச் சுற்றி நாலு தெரு நடந்தால் உடம்பு இளைக்கிறதோ இல்லையோ, மூச்சு நின்றுவிடும். மேல்வீட்டு ஜேர்மன் கிழவி என்னைப் படியில் கண்டு, எங்கேயாவது விசேஷத்துக்குப் போகிறேனா என்று அன்பாகக் கேட்டாள். ஓம் என்று தலையாட்டிவிட்டு நடந்தேன். வேறென்ன சொல்ல?

வாணி கிழவியைப்போல அன்பாகக் கேட்கவில்லை.

“சீலையோடை அந்த ரோட்டாலை வராதேங்கோ அம்மா. என்ரை வகுப்புப் பிள்ளைகள் பாக்கினம்.”

“பாத்தால் என்ன? நான் என்ன களவெடுத்தனானோ?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னாள். கோபம் வந்தால் அவளுக்கு அந்த மொழிதான். எனக்கு விளங்கக்கூடாத கதையென்றாலும் அந்த மொழிதான். ஒரு பிள்ளையைப் பெற்றுவைத்துக்கொண்டு, அது என்னைத் திட்டுகிறதா அழுகிறதா என்று தெரியாமல் நிற்கிற பிழைப்பை என்னவென்று சொல்வது.

நான் வேலை செய்வது ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவைக்கூடத்தில். அங்கே என்னோடு வேலை செய்கிற துருக்கிக்காரப் பெண் ஒருத்திதான் சொன்னாள், நகரமண்டபத்தில் சனிக்கிழமைகளில் பெண்களுக்கு மட்டும் உடற்பயிற்சி வகுப்பு நடக்கிறது, நீயும் வா என்று. ஒரு நிபந்தனை உண்டு, விளையாட்டு உடுப்போடுதான் உள்ளே விடுவார்களாம். அப்படித்தான் நாற்பது வயதுக்குக் கிட்ட, வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓடுவதற்கென்று எனக்கு ஒரு உடுப்பு வாங்க வேண்டி வந்தது.

2

ஊரில் எல்லோருக்கும் இவர் மாஸ்டர். கணக்குப் படிப்பித்தவர். அரியாலையில் எங்கள் படலையைத் திறந்துகொண்டு ஒழுங்கையால் நேரே நடந்தால் கடல்நீரேரி. வீடும் பள்ளிக்கூடமும் கோயிலும் தவிர வேறொன்றும் தெரியாத மனுசன். ஊருக்குள் எங்கே போவதென்றாலும் சைக்கிள். சோறென்றால் மட்டும் சரி பிழை பார்க்கமாட்டார்.

மானிப்பாயில் ஒரு டொக்டர் இவரைச் சோதித்துவிட்டுச் சலரோகம், அதுதான் நீரிழிவு, என்று சொல்லியிருக்கிறார். “மாஸ்டர், மூளை மட்டும் ஓடினால் காணாது, காலும் கொஞ்சம் ஓடவேணும்” என்றாராம். பஸ்ஸால் இறங்கி வந்த முகத்தைப் பார்த்து நான் பயந்தே போனேன். இவருக்குச் சலரோக வருத்தத்தைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. எதை உடுத்திக்கொண்டு ஓடுவது என்பதுதான் கவலை.

“சாரத்தோடை ஓடேலாது. காலைத் தட்டும். பள்ளிக்கூடத்துக்குப் போற களிசான் தொடையிலை பிடிக்கும். கட்டைக் களிசான்தான் சரி.”

முழங்காலுக்கு மேலே நிற்கிற களிசானைத்தான் கட்டைக் களிசான் என்கிறோம். பள்ளிக்கூடப் பெடியன்களின் உடுப்பு அது. வாத்தியார் ஒருவர் அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்கையில் இறங்கினால் ஊர் வாய் மூடுமா? ஆனால் மனுசன் பிடித்த பிடி விடவில்லை. சந்தியில் இருந்த தையற்கடைக்குப் போயிருக்கிறார். தையற்காரர் அளவுநாடாவோடு வந்து கேட்டிருக்கிறார்:

“ஆருக்கு மாஸ்டர்?”

“பெடியனுக்கு.”

எங்களுக்கு இருந்தது ஒரேயொரு பெட்டை. வாணி, அப்போது நாலரை வயது. தையற்காரருக்கு அது தெரியாதா?

“பெடியன்ரை இடுப்பளவு என்ன மாஸ்டர்?”

“என்ரை அளவுக்குத் தையுங்கோ. வளருற பிள்ளைதானே.”

வீட்டுக்கு வந்து இதை இவரே சொல்லித்தான் எனக்குத் தெரியும். தன்னைத் தானே பகிடி பண்ணத் தெரிந்த மனுசன். தைத்து வந்ததை அறைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். மேலே வெள்ளை பெனியன், நடுவில் வண்டி வயிறு, கீழே வெயிலே படாத இரண்டு கால். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

“சிரியாதையும். உமக்கு மனுசன் உயிரோடை வேணுமெண்டால் சிரியாதையும்.”

“ஆர் வேண்டாமெண்டது? அந்தக் காலை மட்டும் வெளியிலை காட்டாதேங்கோ. கொக்கு எண்டு நினைச்சுச் சுடப்போறாங்கள்.”

என்ன வாயோ என்னுடையது.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கட்டைக் களிசானுக்கு மேலே சாரத்தைக் கட்டிக்கொள்வது. நீலக் கோடு போட்ட லுங்கிச் சாரம். வெள்ளாப்பில் எழும்பி, மரியாதையான மனுசனாகச் சாரத்தோடு ஒழுங்கையால் நடந்துபோவார். நீரேரிக் கரையில் ஒரு தாழம்பற்றை இருந்தது. அங்கே சாரத்தை அவிழ்த்து, நாலாக மடித்துப் பற்றைக்குள் செருகிவிட்டு, கரையோரமாக ஓடுவார். ஓடிக் களைத்துத் திரும்பும்போது மறுபடி சாரத்தைக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடவாதது போல வீட்டுக்கு வருவார். ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் காட்டிக்கொள்ளவில்லை. மாஸ்டர் வெட்கப்படுகிறார், விடுவோம் என்றிருந்தார்கள்.

என் அண்ணை மட்டும் வந்து பேசினார். எனக்கு மூத்தவர், எங்கள் குடும்பத்தில் எது நடந்தாலும் முன்னுக்கு நிற்கிறவர்.

“மச்சான், உந்த விளையாட்டு இப்ப வேண்டாம். விடியக்காலமை கட்டைக் களிசானோடை ஓடுற ஆம்பிளையைக் கண்டால் ட்ரெயினிங் எடுக்கிறான் எண்டுதான் ஆமி நினைக்கும்.”

“அதுக்குத்தானே சாரம் கட்டிக்கொண்டு போறன். உந்த வண்டியைப் பாத்துப்போட்டு ஆர் என்னை இயக்கம் எண்டு நினைப்பான்?”

அண்ணையும் சிரித்துவிட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

3

கடைக்கு வாணிதான் கூட்டிக்கொண்டு போனாள். தனியாகப் போனால் நான் இரவு உடுப்பை வாங்கிவந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். சும்மா சொல்லக்கூடாது, முதல் தடவை அதைத்தான் நான் கையில் எடுத்தேன். மெத்தென்று, பூப்போட்டு, காலும் கையும் முழுக்க மூடி, எவ்வளவு நல்ல உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு இங்கே ஆட்கள் படுக்கத்தான் போவார்களாம், ஓடப் போவதில்லையாம்.

விளையாட்டு உடுப்புப் பக்கத்தில் நின்றவை எல்லாம் தோலோடு தோலாக ஒட்டுகிற சாமான்கள். அதைப் போடுவதும் ஒன்று, உடுப்பில்லாமல் நிற்பதும் ஒன்று.

“கறுப்பு எடுங்கோ அம்மா. எல்லாரும் கறுப்புத்தான் போடுறவை.”

“கறுப்பு வேண்டாம். புதுசாத் தொடங்கிற காரியத்துக்குக் கறுப்போ?”

“அப்ப வெள்ளை.”

“வெள்ளை வேண்டவே வேண்டாம்.”

“ஏன்?”

ஏன் என்று அவளுக்குச் சொல்லவில்லை. புருசன் இல்லாதவள்தான் எங்கள் ஊரில் வெள்ளை உடுப்பாள். நான் இன்னும் பொட்டு வைக்கிறேன். கழுத்தில் தாலிக்கொடி கிடக்கிறது. சலவைக்கூடத்து நீராவியில் அது சுட்டுக் கழுத்தில் தழும்பு வந்தும் நான் கழற்றவில்லை. ஆளைக் காணவில்லை என்றால் காணவில்லை, அவ்வளவுதான். செத்துப்போனார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என் கண்ணால் நான் ஒன்றும் பார்க்கவில்லை.

விற்பனைக்காரப் பெட்டை வாணியிடம் என்னவோ சொன்னாள். வாணி என் கழுத்தைப் பார்த்தாள்.

“எக்ஸசைஸ் செய்யேக்கை சங்கிலி போடக்கூடாதாம். ஆபத்தாம். கழட்டிப்போட்டு வரட்டாம்.”

“கழட்டமாட்டன் எண்டு சொல்லு.”

“அம்மா, அவ பிழையாச் சொல்லேல்லை.”

“நானும் பிழையாச் சொல்லேல்லை. கழுத்து மூடுற சட்டை இருக்கோ எண்டு கேள்.”

இப்படித்தான் எனக்கான உடுப்பு முடிவானது. கொடி வெளியே தெரியாமல் கழுத்து மூடவேண்டும். பின்பக்கம் மறைய நீளமாக இருக்கவேண்டும். கறுப்பும் கூடாது, வெள்ளையும் கூடாது. ஆம்பிளைகள் பக்கத்தில் போய் ஒரு கடும்பச்சை நிறச் சட்டையும், அதே நிறத்தில் தொளதொளவென்ற நீளக் களிசானும் எடுத்தோம். கண்ணாடியில் பார்த்தால் கராஜ்காரன் மாதிரி இருந்தேன். வாணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கும்போது அவள் அச்சொட்டாகத் தகப்பன்தான். கனகாலத்துக்குப் பிறகு அவள் என்னோடு சேர்ந்து சிரித்ததால், அந்த உடுப்பையே கட்டித் தரச் சொன்னேன்.

4

மார்கழி மாதம். திருவெம்பாவை நடக்கிற நாட்கள். பனி கொட்டி முற்றத்து மணல் நனைந்து கிடந்தது. நான் குசினியில் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். முன்பக்கத்திலிருந்து இவருடைய குரல் கேட்டது. “இஞ்சாரும், போட்டு வாறன்.” ஓம் என்றேன். படலைச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு நாளும் போகிற மனுசனை எட்டிப் பார்க்க எனக்கு என்ன இருந்தது?

கொஞ்ச நேரத்தில் நீரேரிப் பக்கம் வாகனச் சத்தம். பிறகு வெடிச்சத்தம். சுற்றிவளைப்பு என்று ஒழுங்கையில் சனம் சொன்னது. கரையில் அகப்பட்ட ஆம்பிளைகளை எல்லாம் லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். மீன்பிடிக்கப் போனவர்கள், கள்ளுச் சீவப் போனவர்கள், தலைக்குத் துண்டு கட்டிக்கொண்டு சும்மா நின்றவர்கள். அவர்களில் யாரோடு யார் போனார்கள் என்று பார்த்துச் சொல்லவும் அங்கே ஒருவரும் மிஞ்சவில்லை.

அண்ணை சைக்கிளில் வந்தார். ஆமி போனபிறகு நானும் அவரும் கரைக்குப் போனோம். முதல் வேலையாகத் தாழம்பற்றைக்குள் தேடினோம். முள்ளுக் கிழித்து அண்ணையின் கையெல்லாம் இரத்தம். சாரம் இல்லை. சுற்றியிருந்த பற்றைகளிலும் பார்த்தோம். எங்கேயும் இல்லை.

அண்ணைக்கு அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது.

“சாரம் இஞ்சை இல்லை. அப்ப ஆளிலைதான் இருக்கு. ஓட முதலே பிடிச்சிட்டாங்கள், இல்லாட்டி ஓடி முடிஞ்சு சாரம் கட்டின பிறகு பிடிச்சிருக்கிறாங்கள். அது நல்லது தங்கச்சி. கட்டைக் களிசானோடை பிடிச்சிருந்தால்தான் பிரச்சினை. சாரத்தோடை நிண்ட வாத்தியாரை விட்டிடுவாங்கள்.”

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. பழஞ்சாரத்தை யார் களவெடுக்கப் போகிறான்? பற்றையில் இல்லையென்றால் இடுப்பில்தான்.

முகாம் வாசலில் எங்களைப்போல நிறையச் சனம். வெயிலில் நின்று நின்று, எங்கள் முறை வந்தது மூன்றாம் நாள். மொழிபெயர்க்க ஒருவன் இருந்தான். தமிழ்தான், எங்கள் பக்கத்துத் தமிழ் இல்லை. கெட்ட மனுசன் என்று சொல்லமாட்டேன். அண்ணை இவருடைய பெயரைச் சொல்லத் தொடங்க, அவன் கையைக் காட்டி நிறுத்தினான்.

“பேர் வேண்டாம். உள்ளே சொல்ற பேரை யாரும் நம்புறதில்லை. என்ன துணி போட்டிருந்தார்? அதைச் சொல்லுங்க.”

“நீலக்கோட்டுச் சாரம். வெள்ளை பெனியன்.”

உள்ளே போய், சாரம் கட்டிய ஆட்களை வரிசையாகக் கொண்டுவந்து முள்ளுக்கம்பிக்கு அப்பால் நிறுத்தினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். இவர் இல்லை. போகத் திரும்பிய மொழிபெயர்ப்பாளன் மறுபடி வந்தான்.

“இன்னொருத்தர் இருக்கார். அரை நிக்கர் போட்டவர். ஓடினவர்ங்கிறாங்க. ட்ரெயினிங் கேஸ். முகமெல்லாம் வீங்கிக் கிடக்கு, பேச்சு வரலை. உங்க ஆளா?”

“ஒருக்காப் பாக்கலாமோ?” என்று நான்தான் கேட்டேன்.

“உங்க ஆள்னு சொன்னாத்தான் கூட்டிட்டு வர முடியும். சொல்லிட்டு அப்புறம் இல்லைன்னா, இவனை எப்படித் தெரியும்னு உங்களையும் உள்ளே கூப்பிடுவாங்க.”

அண்ணை என் கையைப் பிடித்தார்.

“வேண்டாம் தங்கச்சி. அது ஆரோ பெடியன். எங்கடையாள் சாரத்தோடை. சாரம் பற்றைக்குள்ளை இல்லையெல்லோ? இதை எங்கடை ஆள் எண்டு சொன்னால், மச்சானும் இயக்கம் எண்டு ஆகிடும். எங்கை வைச்சிருக்கிறாங்களோ, அங்கையே கொன்றுபோடுவாங்கள்.”

பிறகு அவனைப் பார்த்துச் சொன்னார். “இல்லை ஐயா. அது எங்கடை ஆள் இல்லை.”

அடுத்த நாள் போனபோது உள்ளே இருந்தவர்களை வேறு எங்கேயோ ஏற்றிவிட்டார்கள். எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. அதற்குப் பிறகு நாங்கள் போகாத முகாம் இல்லை. எல்லா வாசலிலும் அதே கேள்வி, என்ன உடுத்திருந்தார். எல்லா வாசலிலும் அதே பதில், நீலக்கோட்டுச் சாரம்.

5

அந்த அரைநிக்கர் மனுசனை நான் மறக்கவில்லை. இரவில் கண்ணை மூடினால் வந்து நிற்பார். முகம் இல்லாமல்தான் வருவார். இவராக இருக்குமோ என்று எழும்பி இருப்பேன். உடனே எனக்கு நானே கணக்குச் சொல்லிக்கொள்வேன். சாரம் பற்றையில் இல்லை, ஆகவே சாரம் இவரிடம், ஆகவே அது இவர் இல்லை. கணக்கு வாத்தியாரின் பெண்சாதி. ஏழு வருடமாக இந்த ஒரு கணக்கில்தான் நான் உயிர் வாழ்ந்தேன்.

அது யார் பெற்ற பிள்ளையோ. அந்தத் தாய் எந்த வாசலில் போய் நின்று எந்த நிறத்தைச் சொன்னாளோ. கோயிலில் இவருடைய பெயருக்கு அர்ச்சனை செய்கிற போதெல்லாம் அந்த மனுசனுக்கும் ஒன்று செய்வேன். பெயரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது. ஐயர் கேட்டால், சுவாமி பெயருக்குச் செய்யுங்கோ என்பேன். இங்கே வந்த பிறகும், பக்கத்து நகரத்தில் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிற பிள்ளையாருக்கு முன்னால் இரண்டு அர்ச்சனைதான்.

விசா நீட்டப் போகிற கந்தோரில் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பார்கள். கலியாணம் கட்டியவளா, புருசன் செத்தவளா, பிரிந்தவளா. மூன்றில் ஒன்றைச் சொல்லவேண்டும். முதல் முறை கேட்டபோது வாணிக்கு ஏழு வயதும் ஆகவில்லை. அவள்தான் எனக்குச் சொன்னாள், “அம்மா, அப்பா செத்துட்டாரோ எண்டு கேக்கினம்.” இல்லை என்று சொல்லு, கலியாணம் கட்டினவள் என்று சொல்லு என்றேன். புருசன் எங்கே என்று அடுத்த கேள்வி. அதற்கு அந்தப் பிள்ளை என்னைக் கேளாமலே ஏதோ பதில் சொல்லிச் சமாளித்தது. என்ன சொன்னாள் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

அண்ணை போன வருடம் ஊரில் கண்ணை மூடினார். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் ஊரை விட்டு வெளிக்கிட்ட அன்று பஸ்ஸடியில் நின்று கேட்டார், “அந்தப் பெடியனை ஒருக்காப் பாத்திருக்கலாமோ தங்கச்சி?”

“அது இவர் இல்லை அண்ணை. சாரம் இல்லையெல்லோ.”

“ஓம், ஓம். சாரம் இல்லை” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்லகாலம், அந்த நிம்மதியோடேயே போய்விட்டார்.

6

சனிக்கிழமை காலை. பச்சை உடுப்பைப் போட்டு, அதற்குமேல் என்னுடைய நீளக் கோட்டைப் போட்டு, கழுத்திலிருந்து முழங்கால்வரை பொத்தானைப் பூட்டிக்கொண்டேன். மண்டபத்துக்குள் போய்க் கழற்றினால் காணும். தெருவில் எதற்குக் காட்டவேண்டும்?

வாணியும் வந்தாள். முதல் நாள், பாஷை விளங்காமல் நான் முழிக்கப்போகிறேன் என்று அவளாகவே வெளிக்கிட்டாள். சித்திரை மாதம் என்றாலும் காற்றுக் குளிர்ந்துகொண்டிருந்தது. மெல்லிய சட்டையோடு நின்றாள். ஜாக்கெட் போடு என்றால் கேளாள். இந்த நாட்டில் பிள்ளைகள் ஒரு வயதுக்குப் பிறகு குளிரை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பஸ் தரிப்பிடத்தில் நிற்கும்போது பார்த்தேன், உதடு நீலம் பாரித்துவிட்டது, பல்லு அடிக்கிறது.

பேசிப் பிரயோசனம் இல்லை. என் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றிப் போர்த்துவிட்டேன். நான் அந்தக் கராஜ்காரன் கோலத்தில் நடுத்தெருவில் நின்றேன். வாணி கோட்டுக்குள் ஒடுங்கிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்.

“அப்பா மாதிரிச் செய்யிறியள்.”

“என்ன அப்பா மாதிரி?”

“அப்பாவும் இப்பிடித்தானே. தன்ரை சாரத்தைக் கழட்டி எனக்குப் போத்துவிட்டிட்டு, கட்டைக் களிசானோடை போனவர்.”

“எப்ப பிள்ளை?”

“கடைசியாப் போன அண்டைக்கு. நான் குளிருது எண்டு எழும்பியிட்டன். சாரத்தைப் போத்துவிட்டவர். நல்லா இருட்டு, ஒருதரும் பாக்கமாட்டினம் எண்டவர். அம்மாட்டைச் சொல்லாதை, அம்மா சிரிப்பா எண்டவர். அதுதான் நான் சொல்லேல்லை.”

நான் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினேன்.

“உங்களுக்கு அது தெரியாதோ அம்மா?”

“தெரியும்” என்றேன்.

எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பழஞ்சாரத்தைப் போர்த்துக்கொண்டுதான் படுப்பது. ஒரு பிள்ளையின் மேலே சாரம் கிடந்தால் யார் அதைப் பார்ப்பார்கள்? அன்று காலை அவளை எழுப்பி, போர்த்திருந்ததை உதறி மடித்து, இவருடைய மற்ற நீலக்கோட்டுச் சாரங்களோடு அலுமாரியில் வைத்திருப்பேன். ஒவ்வொரு நாளும் செய்கிற வேலை, அதனால் ஒன்றும் நினைவில் இல்லை. நானும் அண்ணையும் முள்ளுக்குள் கையை விட்டுத் தேடிய நேரம் முழுவதும் அது எங்கள் வீட்டுக்குள் இருந்திருக்கிறது. முகாம் வாசலில் எல்லோரும் எல்லோரையும் கேட்டார்கள். நாலரை வயதுப் பிள்ளையை ஒருவரும் கேட்கவில்லை.

முகம் வீங்கி, பேச்சு வராமல், கம்பிக்கு அந்தப் பக்கம் கிடந்தது இவர்தான். எங்களுடைய குரல் கேட்கிற தூரத்தில்தான் கிடந்திருப்பார். எங்கடை ஆள் இல்லை என்று அண்ணை சொன்னது கேட்டதோ, கேட்கவில்லையோ. இரண்டு அர்ச்சனையும் இவ்வளவு காலமும் ஒரே ஆளுக்குத்தான் செய்திருக்கிறேன்.

பஸ் வந்தது. ஏறினோம். வகுப்பில், கையைத் தூக்கு என்றார்கள், தூக்கினேன். குனி என்றார்கள், குனிந்தேன். நின்ற இடத்திலேயே ஓடச் சொன்னார்கள், ஓடினேன். ஓடும்போது கொடி உள்ளே நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தது. சுவரோரம் வாங்கிலில் இருந்த வாணி என் கோட்டுக்குள் இருந்தபடியே எனக்குக் கையாட்டினாள். நானும் கையாட்டினேன்.

அவளுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. தகப்பனைப்பற்றி அவளிடம் இருக்கிறது இந்த ஒரு நினைவு மட்டும்தான் போலிருக்கிறது. குளிருகிறது என்றேன், அப்பா போர்த்துவிட்டார். அதை அவள் சொன்னபோது அவளுடைய முகம் எப்படியிருந்தது என்று நான் பார்த்தேன். நான் குளிருகிறது என்று எழும்பாமல் இருந்திருந்தால் என்று அவள் ஒரு நாள் யோசிக்கத் தொடங்கினால், அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு எப்படி இருக்கும்? என்னோடு இது போகட்டும்.

வாணிக்குத் தமிழ் கதைக்கத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கிற தமிழ்ப் பள்ளிக்குப் போ என்று இந்த ஐந்து வருடமும் அவளோடு நான் பிடிக்காத சண்டை இல்லை. இனிமேல் போகச் சொல்லமாட்டேன்.